நாற்பத்தோராவது வரியின் கடைசிச் சொல்

ஒருமுறை திறந்த திரையை நான் லேசில் மூட மாட்டேன். பழைய பழக்கம். மற்றவர்கள் காலையில் வந்ததும் கணினியில் டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கிற திரையைத் திறப்பார்கள், மாலையில் மூடிவிட்டுப் போவார்கள். என்னுடையது வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். அன்றைக்கு அது அறுபத்து மூன்றாவது நாள். பிறகு தேவைப்படும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நைரோபியிலிருந்து வந்து, கிசுமுவின் இந்த வெக்கையில் மூன்று நாளாக எல்லோரையும் விசாரித்துவிட்டீர்கள். என்னிடம் இருபது நிமிடம் பேசினீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன். நான் நிதானமாகத்தான் பேசுவேன். நடுவில் சற்று நேரம் சும்மா இருந்தால் முடித்துவிட்டேன் என்று நினைத்துப் பேனாவை மூடிவிட வேண்டாம் மேடம்.

பெயர் ஹெஸ்ரோன் ரபுவோர். ஏரி எச்சரிக்கை அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கணினி நிர்வாகி. எங்கள் வேலை உங்களுக்கு இப்போது பழகியிருக்கும், ஆனாலும் எழுத்தில் ஒழுங்காக இருக்கட்டும். ஏரியில் காற்று கிளம்பப் போகிறது என்று தெரிந்தால் டெர்மினலில் ஒரு வரி அடிப்போம். அது நானூற்றுப் பன்னிரண்டு கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். படகுக்காரர்களுக்கும், கரைகளில் சிவப்புக் கொடி ஏற்றுகிறவர்களுக்கும். கொடி ஏறினால் படகு இறங்காது. இறங்கிய படகு திரும்பிவிடும்.

அதே வரியைப் பயிற்சிக்காகவும் அடிக்கலாம். அப்போது செய்தி எங்கும் போகாது. ஒரு கோப்பில் பதிவாகி அங்கேயே கிடக்கும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பப்பட்டது என்ற பதில்கூட இரண்டிலும் ஒரே மாதிரி வரும். பயிற்சி நிஜம் போலவே இருக்க வேண்டும் என்று முன்பிருந்த இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். வித்தியாசம் நிறத்தில் மட்டும். பயிற்சித் திரை பச்சை, நிஜத் திரை சிவப்பு. அந்த யோசனை என்னுடையது. திரையில் உள்ள எழுத்தை யாரும் வாசிப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதைச் சேர்ந்த முதல் மாதமே கண்டுகொண்டேன். இன்றுவரை யாரும் வாசிப்பதில்லை.

டெர்மினல் திறக்கிற அந்த அரை நொடியில் அது ஒரு கோப்பை வாசிக்கும். தொடக்கக் கோப்பு என்பார்கள். என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரிது, அடிக்கிற வரி எங்கே போய்ச் சேரும், எல்லாம் அதிலிருந்துதான். திறக்கும்போது மட்டும்தான் வாசிக்கும். அப்புறம் கோப்பை எப்படி மாற்றினாலும் முன்பே திறந்திருக்கும் திரைக்குத் தெரியாது. அது தான் பிறந்தபோது கேட்டதையே கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் எனக்குப் பழைய திரைகளைப் பிடிக்கும்.

ஒன்பது பேருக்கு, ஆளுக்கு இரண்டாக, பதினெட்டுத் தொடக்கக் கோப்புகளை நான் எழுதி வைத்திருந்தேன். பதினோரு வருடத்தில் ஒருவரும் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றாக ஓடுகிற எதையும் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஹாவி அடேரா வந்தாள். எங்கள் மொழியில் ஹாவி என்றால் அதிர்ஷ்டம். இருபத்தாறு வயது. வந்த மூன்றாவது வாரம் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னை அவள் ஜாதுவோங் என்றுதான் கூப்பிடுவாள். பெரியவர் என்று அர்த்தம். எனக்கு நாற்பத்து மூன்றுதான்.

"ஜாதுவோங், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"இந்தப் பதினெட்டும் ஒரே கோப்புதானே? ஆளு பேரும், நிஜமா பயிற்சியாங்கறதும்தானே மாறுது? அந்த ரெண்டு வார்த்தையையும் வெளியிலேர்ந்து கையில கொடுத்துட்டா, ஒரே கோப்பு போதாதா?"

"ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்குத் தொடணும்?"

"தொடலை. பெருக்கித் துடைக்கறேன்."

இரண்டு நாளில் முடித்துவிட்டாள். இனிமேல் திரையைத் திறக்கும்போது ஆளின் பெயரும் நிஜமா பயிற்சியா என்பதும் இரண்டு சொல்லாகக் கோப்புக்குக் கூடவே போகும். ஆர்க்யுமென்ட் என்பார்கள். வந்த சொல்லைப் பார்த்துக் கோப்பு தன்னை அந்த ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். இயக்குநர் நியாபோகே அம்மாவுக்கு எழுத்து இரண்டு மடங்காக வந்தது. வானொலி பார்க்கும் வெரேயின் திரை ஒவ்வொரு காலையும் அவனை வேறொரு விதமாகத் திட்டி வரவேற்றது.

"ஏய் ஹாவி, இன்னிக்கு என்னைச் சோம்பேறி நீர்யானைன்னு சொல்லுது!" என்று அவன் அறை முழுக்கக் கேட்கக் கத்துவான்.

"நாளைக்கு வந்து பாரு. நீர்யானை மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நியாபோகே அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷமா கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலி வாங்கிக்கிட்டேன் ஹெஸ்ரோன். ஒரே வார்த்தையில சரியாயிடும்னு தெரியாமப் போச்சே."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடும். அந்தச் சொல் சரியில்லை. நான் கவனித்தேன், அவ்வளவே. அவள் வந்த பிறகு பத்துமணித் தேநீர் ஏழு நிமிடம் நீண்டுபோனதைக் கவனித்தேன். முன்பு என் மேசைக்கு வந்து கேட்டவர்கள் என்னைத் தாண்டி நடந்துபோய் அவளிடம் கேட்டதைக் கவனித்தேன். என் மேசையைத் தாண்டும்போது அவர்கள் நடை கொஞ்சம் வேகமாகும். தட்டில் கடைசி மந்தாசியை யாரும் எடுக்காமல் அவளுக்காக விட்டுவைப்பதைக்கூடக் கவனித்தேன். அந்த எண்ணெய்ப் பலகாரம் எனக்குப் பிடிக்காது.

அவள் கோப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்தின மாலை, என் பழைய கோப்பைக் கொண்டு ஒரு சிவப்புத் திரையைத் திறந்தேன். அதற்குப் பிறகு நான் புதிதாக எதையும் திறக்கவில்லை. உலகத்தில் என் கோப்பில் ஓடிய கடைசித் திரை அது. அறுபத்து மூன்று நாள் சொன்னேனே, அந்தத் திரைதான்.

இனி ஏப்ரல் பதினேழு.

அன்று நான்கு மணிக்கு ஏரியின் அக்கரை நாடுகளிலிருந்தும் அமைச்சகத்திலிருந்தும் ஏழு பொறியாளர்கள் வருவதாக இருந்தது. ஹாவியின் ஏற்பாட்டைப் பார்க்க. அவர்கள் கைபேசிகளை மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லி, அந்த ஏழு எண்களுக்கு மட்டும் நிஜத் திரையிலிருந்து ஒரு செய்தி அனுப்பிக் காட்டுவாள். காலை முழுக்க அதையே ஒத்திகை பார்த்தாள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று திறந்து திறந்து மூடினாள். அவளுக்கு அது பழக்கம். ஒவ்வொரு வேலைக்கும் புதுத் திரை. முடிந்ததும் மூடிவிடுவாள். சுத்தக்காரி.

ஒரு மணி பத்துக்கு எல்லோரும் தங்கள் திரைகளை மூடிவிட்டுக் கீழே மீன் சாப்பிடப் போனார்கள். நான் அவள் கோப்பை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதன் நாற்பதாவது வரி நிறத்துக்கான கோப்பை அழைக்கிறது. நாற்பத்தோராவது வரி, செய்தி எங்கே போக வேண்டும் என்பதற்கான கோப்பை அழைக்கிறது. இரண்டு வரியிலும் அவள் சொல் எதுவும் கொடுக்கவில்லை. அது தவறில்லை. ஒன்றும் கொடுக்காமல் அழைத்தால், அழைத்தவன் கையில் இருக்கும் சொற்களையே உள்ளே இருக்கிற கோப்பும் எடுத்துக்கொள்ளும். ஏதாவது கொடுத்து அழைத்தால் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். பலருக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும்.

நாற்பத்தோராவது வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்தேன். பயிற்சி.

அதன் பிறகு திறக்கிற எந்த நிஜத் திரையும் சிவப்பாகவே இருக்கும். செய்தி மட்டும் எங்கும் போகாது. யார் மாற்றினார்கள் என்பது பதிவாகும், ஆனால் நிர்வாகியான என்னால் யார் பெயரிலும் மாற்ற முடியும். அவள் பெயரிலேயே மாற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கீழே போய்ச் சாப்பிட்டேன். உகாலிக் களி அன்று கொஞ்சம் இறுகியிருந்தது.

நான் விரும்பியது மிகச் சிறிய விஷயம். ஒரு மேசை, ஏழு கைபேசிகள், ஒன்றும் ஒலிக்காத ஒரு நிமிடம். பிறகு நான் எழுந்து, என் திரையிலிருந்து அனுப்பிப் பார்க்கலாமே என்பேன். ஏழும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். மாலையிலேயே அந்தச் சொல்லை எடுத்துவிடுவதாக இருந்தேன்.

அஹேரோவுக்குப் பக்கத்தில் சாலையில் லாரி கவிழ்ந்து விருந்தாளிகளின் வண்டி நின்றுவிட்டது. அது என் கையில் இல்லை. மூன்று மணிக்கு மேல் நந்திக் குன்றுகளுக்கு மேலே மேகம் திரண்டு ஏரிப் பக்கம் நகர ஆரம்பித்தது. அதுவும் என் கையில் இல்லை.

ஹாவி மேகப் படத்தைப் பார்த்தாள். புதுத் திரை திறந்தாள். சிவப்பு. வரியை அடித்தாள். மணி மூன்று இருபத்திரண்டு.

"ஜாதுவோங், அனுப்பிட்டேன். நானூத்திப் பன்னெண்டும் போயிடுச்சு. கொஞ்சம் பாத்துக்குங்க. நான் கேட்டுல போயி வண்டி வருதான்னு பாக்கறேன், நியாபோகே அம்மா வேற பதறிக்கிட்டு இருக்காங்க."

"போயிட்டு வா."

மற்றவர்கள் விருந்தாளிகளை எதிர்பார்த்து முன்பே கீழே போயிருந்தார்கள், அறையில் நான் மட்டும். என் திரையில் அதே வரியை அடித்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், நான் அடித்தேன். என் திரை பழையது, அதற்கு நாற்பத்தோராவது வரி தெரியாது. அந்த அறையில் அப்போது உண்மையான சிவப்பு அது ஒன்றுதான். விரலை வைத்து ஒரு விசையை அழுத்தினால் போதும், எல்லாக் கைபேசிகளும் ஒலித்திருக்கும்.

யோசித்தேன். நான் அனுப்பினால் பதிவேட்டில் என் செய்தி ஏறும். கரைகளிலிருந்து பதில் வரும். அவள் அனுப்பியது போகவில்லை என்று தெரியும். உள்ளே வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். விருந்தாளிகள் வரும்போது எல்லாம் அழகாக ஓடும். ஏழு கைபேசிகளும் அவளுக்காக ஒலிக்கும்.

வண்டி எப்படியும் அரைமணியில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காற்று கரைக்கு வர ஒரு மணி நேரம் இருந்தது. வண்டி வரட்டும், அவள் காட்டட்டும், ஒலிக்காமல் போகட்டும், பிறகு நான் அனுப்புகிறேன். படகுகளையும் சேர்த்து நானே காப்பாற்றுவதாக இருந்தது. என்னை நீங்கள் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று ஐம்பதுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. இந்த அழைப்பைப் பற்றி உங்கள் அறிக்கையில் இல்லை. கோடியாவோ கரையில் கொடி ஏற்றுகிற ஒகும்பா.

"ஆபீஸா? சார், ஒகும்பா பேசறேன். இங்க கெழக்க வானம் அடுப்புக்கரி மாதிரி கெடக்கு. மெசேஜ் ஒண்ணையும் காணமே? என் போனுதான் செத்துப்போச்சா?"

"பக்கத்துல இருக்கறவங்களுக்கு வந்திருக்கா?"

"யாருக்கும் வரலை சார். படகெல்லாம் ஆகாயத்தாமரையைத் தாண்டி ரொம்பத் தூரம் போயிடுச்சு. கொடியை ஏத்திடவா?"

"விதி என்ன ஒகும்பா?"

"மெசேஜ் வந்தாத்தான் ஏத்தணும்."

"அப்புறம் என்ன?"

அவன் சிரித்தான். போன வருடம் செய்தி வராமலே தன் கண்ணை நம்பிக் கொடி ஏற்றியிருந்தான். காற்று வரவில்லை. ஒரு நாள் மீன் போன கோபத்தில் படகுக்காரர்கள் அவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். அந்த விதி அதற்குப் பிறகு வந்தது. படகுக்காரர்களும் நாங்களும் கையெழுத்துப் போட்ட விதி.

"ஆமா சார், போன தடவை குளிப்பாட்டி விட்டானுங்களே. சரி, வந்தா ஏத்தறேன். கொடியை மடியில வெச்சுக்கிட்டேதான் உக்காந்திருக்கேன்."

நான் சொன்னதில் விதிக்கு மாறாக ஒன்றும் இல்லை. அதை நீங்களே சரிபார்க்கலாம்.

நான்கு இருபதுக்குக் காற்று வந்தது. எங்கள் தகரக் கூரையின் ஓரம் ஒன்று எழுந்து எழுந்து விழுந்தது. நான்கு நாற்பதுக்கு விருந்தாளிகள் நனைந்துகொண்டு வந்தார்கள். நியாபோகே அம்மா அவர்களிடம், "நல்ல நாளாப் பாத்து வந்தீங்க. எச்சரிக்கை ஒரு மணி நேரம் முந்தியே போயிடுச்சு, ஒரு படகுகூட இப்ப வெளியில இருக்காது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹாவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கைபேசிகளை மேசையில் வைத்தார்கள். அவள் அனுப்பினாள். ஒன்றும் ஒலிக்கவில்லை.

நான் நினைத்திருந்த நிமிடம் அதுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். முதலில் மேசையைப் பார்த்தாள், பிறகு தன் திரையின் சிவப்பை, பிறகு ஜன்னலுக்கு வெளியே ஏரியை. மூன்றாவதாகப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் புரியவில்லை. வெரே ஏதோ வேடிக்கை சொல்லி, விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துக்கூட விட்டார். நான் எழுந்து சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஏரி தெரியவில்லை, வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த நேரத்தில் என் திரையைப் பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்காது என்று பட்டது.

பதினொரு பேர். உங்களிடம் பட்டியல் இருக்கிறது. ஒகும்பா அதில் ஐந்தாவது பெயர். காற்று கிளம்பியதும் ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிடப் போயிருக்கிறான். கிடைத்தபோது கொடி அவன் இடுப்பில் சுற்றியிருந்ததாம்.

அன்று மாலையே ஹாவி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து நிமிடம் என்று நான் போட்ட கணக்கு சரி. எல்லோர் முன்னாலும் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது என் பேர்ல இருக்கு. ஒத்திகை பாக்கறப்ப நான்தான் போட்டு எடுக்காம விட்டிருக்கணும். எனக்கு ஞாபகமே இல்லை. ஆனா என் பேர்ல இருக்கு."

எங்கள் தொழிலில் இப்படித்தான். மனுஷனின் ஞாபகத்தைவிடப் பதிவேட்டைத்தான் நம்புவோம். தன் ஞாபகமாக இருந்தாலும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நியாபோகே அம்மா எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். இவ்வளவு பெரிய தவறைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று மறுநாள் வெரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒகும்பாவின் அடக்கத்துக்குப் போனோம். அவன் மனைவி ஹாவியை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

நேற்று முதல்முறையாக அவள் கோப்பில் எனக்கென்று ஒரு திரையைத் திறந்தேன். எனக்கும் ஒரு வரவேற்பு எழுதி வைத்திருந்தாள். இத்தனை நாள் அதை நான் பார்த்ததில்லை. "ஜாதுவோங், நிறம் உங்க யோசனைன்னு எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் தொடலை." அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே வார்த்தை. அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு உங்கள் வரைவு அறிக்கையைப் படித்தேன். நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது, நிர்வாகிக்கு எல்லாக் கோப்பும் திறக்கும். அவள் வேலை போகும், வழக்கும் வரும் என்று இருக்கிறது. அது நியாயமில்லை. ஒரு குற்றமும் செய்யாத பெண். அவளைக் காப்பாற்றத்தான் வந்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை. என் பழைய திரையில் நான் அடித்த வரி இன்னும் அப்படியே நிற்கிறது. அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒகும்பாவின் அழைப்பு தொலைபேசிக் கணக்கில் இருக்கும். நான் செய்தேன். ஒரு மணிக்குச் செய்தேன், மூன்று இருபத்திரண்டிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் மறுபடி மறுபடி செய்தேன். பதினொரு பேரையும் நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு திருத்தம் மேடம். பதினான்காம் பக்கம். அன்று வந்த பொறியாளர்கள் இனி தங்கள் ஊர்ப் பயிற்சிகளில் இதைப் பாடமாக வைக்கப் போகிறார்களாம், அதற்கு ஹாவியின் பிழை என்று பெயரும் வைத்துவிட்டார்களாம். அதை அடித்துவிடுங்கள். அது பிழை இல்லை. ஒரே ஒரு சொல், சரியான வரியில், சரியான இடத்தில். அதை யோசித்தவன் நான். அங்கே ரபுவோர் என்று இருக்க வேண்டும்.